போதனா வைத்தியசாலை: கட்டிலருகே நடக்கும் வகுப்பும் கற்பிக்கக் கற்கும் வைத்தியர்களும்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வைத்தியசாலைகளின் பெயரோடு 'போதனா' என்றொரு சொல் சேர்ந்திருக்கிறது. வருத்தத்தோடு போகும் எவரும் அந்தச் சொல்லைப் பற்றி யோசிப்பதில்லை. விடுதியில் அனுமதிக்கப்பட்ட பிறகுதான் அதன் பொருள் தெரியவரும். காலையில் வைத்திய நிபுணர் வருவார். அவருக்குப் பின்னால் பயிற்சி வைத்தியர்களும் வெள்ளை மேலங்கி அணிந்த மாணவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். அவர் முடித்ததும் இன்னொருவர் அழுத்திப் பார்ப்பார். பிறகு எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் நடப்பது சிகிச்சை மட்டுமல்ல, அது ஒரு வகுப்பும்கூட. அந்த வகுப்பு சரியாக நடந்தால், சில வருடங்களில் மாங்குளத்திலோ வாகரையிலோ தனியாக இரவுக் கடமையில் நிற்கப்போகும் ஒரு வைத்தியர் அங்கே உருவாகிறார். பிழையாக நடந்தால் நோயாளர் கூனிக்குறுகிப் போகிறார். மாணவரோ கேள்வி கேட்கப் பயப்படுவதையே கற்றுக்கொண்டு வெளியேறுகிறார். இரண்டின் விளைவும் கடைசியில் எமது மக்களிடம்தான் வந்து சேர்கிறது.

பாடசாலையில் கற்பிக்க வருபவர் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போதனா வைத்தியசாலைக்கு நியமனம் பெறும் வைத்தியரோ, நியமனம் பெற்ற நாளிலிருந்தே ஆசிரியராகவும் ஆகிவிடுகிறார். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மட்டுமன்றி சுகாதார அமைச்சின் வைத்திய நிபுணர்களும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். சிகிச்சையில் தேர்ந்தவர் கற்பித்தலிலும் தேர்ந்தவராக இருப்பார் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியல்ல என்பதை மருத்துவக் கல்வித்துறை பல தசாப்தங்களுக்கு முன்னரே உணர்ந்துவிட்டது.

கற்பித்தலும் ஒரு தனித்திறன்

நோயாளரின் கட்டிலருகே கற்பிக்கும் முறையை நவீன மருத்துவக் கல்வியின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஒஸ்லர் (1849 - 1919). கனடாவில் பிறந்த இவர், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து விடுதிக்கு அழைத்து வந்தார். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் நோயாளர்கள் பொறுப்பளிக்கப்பட்டார்கள். நோயாளரிடம் கதை கேட்பதும், பரிசோதிப்பதும், குறிப்பெழுதுவதும் மாணவரின் வேலையாயின. இன்று எமது மருத்துவபீட மாணவர்கள் விடுதிகளில் பழகும் முறையும் இந்த வழி வந்ததே.

ஆனால் கற்பிப்பவருக்கு யார் கற்பிப்பது என்ற கேள்வி நெடுங்காலம் எழவில்லை. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் மில்லர் என்ற வைத்தியர் கல்வியியல் துறையினருடன் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவ ஆசிரியர்கள் தாம் கற்பிக்கும் விதத்தைத் தாமே ஆராய்வதற்கான முதல் முயற்சிகளில் அது ஒன்று. 1990 இல் அதே மில்லர் ஒரு கூம்பக வடிவத்தை முன்வைத்தார். அதன் அடித்தளத்தில் 'அறிந்திருத்தல்' இருக்கிறது. அதற்கு மேலே 'எப்படிச் செய்வதென அறிந்திருத்தல்', பிறகு 'செய்து காட்டுதல்', உச்சியில் 'உண்மையான வேலையில் செய்தல்'. எழுத்துப் பரீட்சையில் அதிக புள்ளி பெற்றவர் கீழ்ப்படியில் மட்டுமே நிற்கக்கூடும். அவரை உச்சிக்குக் கொண்டுபோவது விடுதியில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் வேலை.

இலங்கையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1970களிலேயே பேராதனை மருத்துவபீடத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவுடன் பிராந்திய ஆசிரியர் பயிற்சி நிலையம் இயங்கியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தின் மருத்துவ ஆசிரியர்கள் அங்கு பயிற்சி பெற்றார்கள்.

எமது மண்ணில் மருத்துவப் போதனை

மருத்துவம் கற்பித்தலின் வரலாறு வடக்கோடு நெருங்கிய தொடர்புடையது. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயைத் தளமாகக் கொண்டு உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனவியல் நூல்கள் தமிழில் வெளிவர வழிசெய்தார். அவரிடம் பயின்று 60 க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் வெளிவந்தார்கள். கற்பவரின் மொழியில், கற்பவர் வேலை செய்யப்போகும் ஊரிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவரது அனுபவம்.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தோன்றியதற்கும் வன்னி ஒரு காரணம். அக்காலத்தில் பறங்கி நோயால் வன்னிக் கிராமங்கள் வெறுமையாகி வந்தன. அதை ஆராய்ந்த வைத்தியர் ஜேம்ஸ் லூஸ், நாட்டிலேயே வைத்தியர்களைப் பயிற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தார். பின்னர் அக்கல்லூரியின் முதல் அதிபராக இருந்தவரும் அவரே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978 இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதல் 30 வருடங்களில் பெரும்பகுதி போருக்குள்ளேயே கழிந்தது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்த இந்திய அமைதிப்படையினரால் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் கொல்லப்பட்டார்கள். 1989 செப்டெம்பர் 21 இல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மருத்துவபீடமும் வைத்தியசாலையும் அந்த அவலத்துக்குத் தப்பவில்லை. ஆசிரியர்கள் குறைந்தார்கள், மருந்து குறைந்தது, மின்சாரம் இல்லை. இருந்தும் வகுப்புகள் நடந்தன, வைத்தியர்கள் வெளியேறினார்கள்.

2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் நின்ற வைத்தியர்களிடம் பெரிய கருவிகள் எதுவும் இருக்கவில்லை. அப்படியான இடத்தில் ஒருவருக்குத் துணை நிற்பது பயிற்சிக் காலத்தில் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக் கொடுத்ததுதான். விடுதியில் நடக்கும் வகுப்பின் பெறுமதியை எமது மக்களைவிட அறிந்தவர்கள் குறைவு.

கட்டிலருகே எங்கே பிழைக்கிறது?

உலகெங்கும் மருத்துவ ஆசிரியர்களிடம் காணப்படும் குறைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. முதலாவது, ஆசிரியரே பேசிக்கொண்டிருப்பது. மாணவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் ஒரு சிறு விரிவுரையை நிகழ்த்திவிட்டு நகர்வது. இரண்டாவது, கேள்வியைத் தண்டனையாகப் பயன்படுத்துவது. பதில் தெரியாத மாணவரை எல்லோர் முன்னிலையிலும் ஏசினால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தெரியாததை மறைக்கப் பழகிய மாணவர், வைத்தியரான பிறகும் தெரியாததை மறைப்பார். அதற்கான விலையை நோயாளர் கொடுக்கிறார்.

மூன்றாவது, செய்தது சரியா பிழையா என்று சொல்லாமலே விடுவது. 'பரவாயில்லை', 'இன்னும் படிக்க வேணும்' போன்ற வார்த்தைகளால் எவரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. நான்காவது, நோயாளர் அங்கே இருக்கிறார் என்பதையே மறந்துவிடுவது.

இவற்றுக்குக் காரணம் கெட்ட மனம் அல்ல. அநேகமானோர் தமக்குக் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே கற்பிக்கிறார்கள். ஏச்சு வாங்கிப் படித்தவர், ஏசினால்தான் படிப்பு ஏறும் என்று நம்புகிறார். அத்தோடு நேரமும் இல்லை. நிரம்பி வழியும் கிளினிக்கில் ஒரு நோயாளருக்கே சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. ஆகவே வைத்தியரை நல்ல ஆசிரியராக்கும் எந்த முறையும் குறைந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

ஐந்து படிகளில் ஒரு பாடம்

1992 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் இப்படியொரு முறையை வெளியிட்டார்கள். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று அழைக்கப்படும் இம்முறை இன்று பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. அதில் ஐந்து படிகள் உண்டு. மாணவரை ஒரு முடிவு சொல்ல வைத்தல், அந்த முடிவுக்கான காரணத்தைக் கேட்டல், பொதுவான ஒரு விதியைக் கற்பித்தல், சரியாகச் செய்ததைச் சுட்டிக்காட்டுதல், பிழையைத் திருத்துதல் என்பன அவை.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். மாரிகாலத்தில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து 50 வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வருகிறார். மாணவர் அவரைப் பரிசோதித்துவிட்டு விபரம் சொல்கிறார்.

"என்ன வருத்தமெண்டு நினைக்கிறீர்?" என்று வைத்தியர் கேட்கிறார்.

"டெங்கு, சேர்."

"ஏன் அப்படி நினைக்கிறீர்?"

"இப்ப டெங்குக் காலம். உடம்பு நோ, தலையிடி இருக்கு. குருதிச் சிறுதட்டுகளும் குறைஞ்சிருக்கு."

"வேறை ஏதாவது வருத்தத்திலையும் இப்படி வரலாமோ? ஐயா என்ன தொழில் செய்யிறார்?"

"அதைக் கேக்கேல்லை, சேர்."

"வயல் வேலை செய்யிறவர். காய்ச்சலோடை வாற ஆரிட்டையும் தொழிலைக் கேக்காமல் முடிவுக்கு வரக்கூடாது. வயலிலை நிண்டவருக்கு எலிக்காய்ச்சலையும் யோசிக்க வேணும். கெண்டைக்காலை அழுத்திப் பாரும், நோகுதோ எண்டு. கண் சிவந்திருக்கோ, சலம் குறைஞ்சிருக்கோ எண்டும் பாரும். இரத்த அறிக்கையை நீர் முதலே பாத்து வைச்சது நல்லது. ஆனால் தொழிலைக் கேட்டிருந்தால் எலிக்காய்ச்சலும் உமக்கு ஞாபகம் வந்திருக்கும்."

இதற்குச் செலவானது இரண்டு நிமிடங்கள் கூட இல்லை. வைத்தியர் உடனே விடையைச் சொல்லியிருந்தால் மாணவர் இந்த நோயாளரைப் பற்றி மட்டுமே அறிந்திருப்பார். இப்போது அவரது சிந்தனையில் எங்கே இடைவெளி இருந்தது என்பது ஆசிரியருக்கும் தெரிகிறது, மாணவருக்கும் தெரிகிறது. எலிக்காய்ச்சலுக்கு நேரத்தோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது.

கைவேலையைக் கற்பிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் பெய்ற்றனின் பெயரால் அறியப்படும் இம்முறைக்கு நான்கு படிகள். கையில் சேலைன் ஏற்றுவதற்கு ஊசி போடுவதை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆசிரியர் வழமையான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுகிறார். இரண்டாவது முறை ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்கிறார். மூன்றாவது முறை மாணவர் படிகளைச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவது முறை மாணவரே சொல்லிச் சொல்லிச் செய்கிறார். இதையெல்லாம் முதலில் மாதிரிக் கையில் பழகிய பிறகே மனிதரின் கையில் செய்ய வேண்டும். 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய்' என்ற பழைய வழக்கத்தில் மாணவரின் முதல் முயற்சி நோயாளரின் நரம்பிலேயே நடக்கிறது. ஆறு தடவை குத்து வாங்கியவர்களுக்கு இதன் வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

பிழையைச் சொல்வதிலும் ஒழுங்கு உண்டு. 1983 இல் ஜக் எண்டே என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய கட்டுரை இதில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஆளைத் தீர்ப்பிடாமல் செயலை விபரிக்க வேண்டும். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். தாமதிக்காமல் சொல்ல வேண்டும். 'உமக்கு நோயாளரோடு கதைக்கத் தெரியாது' என்பது தீர்ப்பு. 'அந்த அம்மா அழத் தொடங்கினபோது நீர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்' என்பது விபரிப்பு. இரண்டாவதைக் கேட்ட மாணவருக்கு நாளைக்கு எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

காயத்தோடு வாழும் நோயாளர்

வடக்கு கிழக்கில் கட்டிலருகே கற்பிப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. இங்கே நோயாளரின் உடம்பில் போர் இருக்கிறது. கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், உடம்புக்குள் செல் துண்டுகளைச் சுமப்பவர்கள் வேறு வருத்தங்களுக்காகவும் விடுதிக்கு வருகிறார்கள். மாணவர்களுக்கு அந்தத் தழும்பு ஒரு பாடம். நோயாளருக்கோ அது ஒரு நாள், ஓர் இடம், சில வேளைகளில் பக்கத்தில் விழுந்த பிள்ளை.

ஆகவே எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதைக் கற்பிப்பது இங்கே மருத்துவப் பாடத்தின் ஒரு பகுதி. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர் உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறதா என்று கட்டாயம் அறிய வேண்டும். அந்தக் காந்தப்புலத்தில் உலோகம் அசையலாம், சூடேறலாம். போரைக் காணாத ஊரில் படித்த மாணவருக்கு இந்தக் கேள்வி தோன்றாமலே போகலாம். 'ஐயா, உடம்புக்குள்ளை ஏதும் செல் துண்டு இருக்கோ? எந்த இடத்திலை?' என்பது போதும். எப்போது பட்டது, யார் அடித்தது, கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பவை பன்னிரண்டு பேர் முன்னிலையில் கேட்கும் கேள்விகள் அல்ல. சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் தனியாக, திரை மறைவில், அவர் விரும்பினால் மட்டும் கேட்கலாம்.

வெட்டப்பட்ட காலில் இன்றும் நோகிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையல்ல. மூளையும் நரம்புகளும் உண்டாக்கும் உண்மையான வலி அது. வருடக்கணக்காகத் தலையிடி, நெஞ்சிறுக்கம், நித்திரையின்மை என்று வரும் தாய்க்கு எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கலாம். அப்போது 'ஒண்டுமில்லை' என்று அனுப்பிவிடுவதா, அவரது இழப்பைக் கேட்கும் இடத்துக்கு ஆற்றுப்படுத்துவதா என்பதை மாணவர் தனது ஆசிரியரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்காலத்திலேயே ஊர் மட்டத்து உத்தியோகத்தர்களுக்கு உளநலப் பயிற்சி வழங்கினார்கள். துயரம் உடம்பின் நோவாக வெளிப்படுவதை அவர்கள் தமிழில் கற்பித்தார்கள். அந்த அனுபவம் ஒவ்வொரு விடுதி வகுப்புக்கும் உரியது.

மொழியும் இதில் அடங்கும். மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது. தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசப்படுவதில் ஓரிரு சொற்கள் மட்டும் விளங்கும்போது நோயாளரின் பயம் கூடுகிறது. கட்டிலை விட்டு நகர முன்னர் ஆசிரியர் இரண்டு வசனம் தமிழில் சொன்னால் போதும். 'உங்களுக்கு இன்ன வருத்தம். நாங்கள் கதைச்சது பிள்ளைகளுக்குப் படிப்பிக்க, பயப்பிடாதேங்கோ.' அதைச் சில நாட்களில் மாணவரையே சொல்லச் சொன்னால் அதுவும் ஒரு பாடமாகிறது. வடக்கு கிழக்கில் படிக்கும் சிங்கள மாணவருக்கும், தெற்கில் கடமையாற்றப்போகும் தமிழ் மாணவருக்கும் நோயாளரின் மொழி என்பது மருந்தைப் போலவே அவசியமானது.

ஆசிரியரை உருவாக்க என்ன செய்யலாம்?

ஒரு நாள் செயலமர்வு தொடக்கமாக அமையலாம், ஆனால் அது மட்டும் போதாது. கற்றதை விடுதியில் செய்து பார்த்து, அதைப் பற்றி இன்னொருவர் கருத்துச் சொல்லும்போதுதான் பழக்கம் மாறுகிறது. ஒரு வைத்தியர் கற்பிப்பதைச் சக வைத்தியர் ஒருவர் பின்னால் நின்று பார்த்து, பிறகு தேநீர் வேளையில் கண்டதைச் சொல்வதற்குச் செலவு எதுவுமில்லை. மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாமல் கருத்துப் பெறுவதற்கும் செலவில்லை.

மாணவர்கள் அதிக நேரம் செலவிடுவது வைத்திய நிபுணரோடு அல்ல, உள்ளகப் பயிற்சி வைத்தியர்களோடும் பதிவாளர்களோடும்தான். இரவில் முதல் தடவை தையல் போடக் காட்டிக் கொடுப்பவர்கள் அவர்களே. எனவே கற்பிக்கும் பயிற்சி அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அனுபவமுள்ள தாதியரும் நல்ல ஆசிரியர்கள். அதை ஒப்புக்கொள்ளும் விடுதியில் எல்லோரும் கூடுதலாகக் கற்கிறார்கள்.

நேரமும் அங்கீகாரமும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. கற்பித்தலைக் கடமை நேரத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடாவிட்டால் அது எப்போதும் கடைசி வேலையாகவே இருக்கும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்களோடு கற்பிப்பவர்களும் போயிருக்கிறார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கு நோயாளரும் கூட, மாணவரும் கூட. இந்த நிலையில் இரண்டு நிமிடத்தில் கற்பிக்கும் முறைகள் அலங்காரமல்ல, அவசியம்.

நோயாளருக்கும் ஒரு சொல் உண்டு

போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதனால் உடம்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. பரிசோதிப்பவர் மாணவரா வைத்தியரா என்று கேட்கலாம். மாணவர் பரிசோதிக்க முன்னர் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். திரையை இழுத்துவிடச் சொல்லலாம். பெண்கள், பரிசோதனையின்போது ஒரு பெண் உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். 'இண்டைக்கு ஏலாது' என்று மறுக்கலாம். மறுத்ததற்காகச் சிகிச்சை குறையக் கூடாது என்பது மருத்துவ ஒழுக்கத்தின் அடிப்படை.

சம்மதிப்பவர்கள் செய்வது சிறிய உதவியல்ல. தங்கள் வருத்தத்தையும் நோவையும் ஓர் இளம் மாணவருக்குப் பாடமாகக் கொடுக்கிறார்கள். அந்த மாணவர் நாளை வேறோர் ஊரில் வேறொருவரின் வயிற்றில் கை வைக்கும்போது இவர்களிடம் கற்றதைத்தான் பயன்படுத்துவார். கட்டிலை விட்டுப் போகும்போது அவர்களுக்கு நன்றி சொல்ல மாணவரைப் பழக்குவதும் நல்ல ஆசிரியரின் வேலைகளில் ஒன்று.